ஐரிஸ் நச்சுத் தரவுத்தளம்: எண்ணை எடுக்கும் முன் நிபுணர் அறிக்கையைத் திறந்து பாருங்கள்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1985 முதல் நடத்திவரும் தரவுத்தளம் ஐரிஸ். 500க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களின் நச்சுத்தன்மை மதிப்பீடுகள் அதில் உண்டு. கட்டணம் கிடையாது, பெயர் பதியவும் வேண்டாம். வாழ்நாள் முழுக்க ஒரு பொருளை எந்த அளவுக்குச் சுவாசித்தால் கெடுதல் வராது என்று கருதலாமோ, அந்த அளவுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர், வாய்வழியாகப் போவதற்கு ஆர்.எஃப்.டி. புற்றுநோய் ஆபத்துக்குத் தனி எண்.

இந்த எண்களைவிட மதிப்புள்ளது, அவற்றோடு வரும் வெளி நிபுணர்களின் மறு ஆய்வு அறிக்கைதான். பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை.

2009இல் வகுத்த ஏழு படி நடைமுறையில் நான்காவது படி இது. வரைவை முகமைக்குள்ளும், பிறகு மற்ற அரசுத் துறைகளும் பார்த்து முடித்தபின், பொதுமக்கள் கருத்துக்கும் வெளி நிபுணர் குழுவுக்கும் அனுப்புவார்கள். சிக்கலான பொருளானால் தேசிய அறிவியல் கழகங்களுக்குப் போகும். மற்றவை அறிவியல் ஆலோசனை வாரியத்துக்கோ, ஒப்பந்த நிறுவனம் கூட்டும் குழுவுக்கோ போகும். குழுவிடம் ஒரு கேள்விப் பட்டியல் கொடுக்கப்படும். அதை முதலில் படியுங்கள். கேட்கப்படாத கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. அடிப்படை ஆய்வு சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதா என்று கேட்காமல், கணக்கு சரியா என்று மட்டும் கேட்டிருந்தால், அந்த ஒப்புதலின் எடை அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்பதற்கு பார்மால்டிஹைடைவிட நல்ல சோதனை இல்லை. 2010இல் ஆயிரம் பக்க அளவில் ஒரு வரைவு வந்தது. 2011இல் தேசிய அறிவியல் கழகங்களின் குழு அதை விடாமல் கிழித்தது. ஆய்வுகளை எப்படித் தேடினார்கள், எதை ஏன் ஒதுக்கினார்கள், சான்றுகளை எப்படி எடைபோட்டார்கள் என்பது தெளிவாக இல்லை என்றது. ரத்தப் புற்றுநோய் பற்றிய முடிவுக்குப் போதிய விளக்கம் இல்லை என்றது. அதோடு நிற்காமல், ஐரிஸ் மதிப்பீடுகளையே எப்படி எழுத வேண்டும் என்று தனி அத்தியாயமும் சேர்த்தது. இன்றைய ஐரிஸ் ஆவணங்களில் தேடல் முறை, ஆய்வுகளின் தரமதிப்பீடு என்று வரிசையாக வருவதற்கு அந்த அத்தியாயம் முக்கியக் காரணம். புதிய வரைவு 2022இல் வந்தது, மறு ஆய்வு 2023இல் முடிந்தது, இறுதி மதிப்பீடு 2024 ஆகஸ்டில் வெளியானது. இரண்டாவது குழு முடிவுகளுக்குச் சான்று ஆதரவு இருக்கிறது என்றது. முறைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது வாசகருக்குக் கடினம் என்றும் சொன்னது. அந்தக் குறை இறுதி ஆவணத்திலும் முழுசாகத் தீரவில்லை.

இறுதி ஆர்.எஃப்.சி. கன மீட்டருக்கு 7 மைக்ரோகிராம். கலிபோர்னியா வைத்திருக்கும் நீண்டகால அளவு 9. அமெரிக்காவின் நச்சுப்பொருள் பதிவு முகமை வைத்திருப்பது சுமார் 10. தனித்தனிக் குழுக்கள் இவ்வளவு அருகருகே வந்து நிற்பது நம்பிக்கை தருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 100 மைக்ரோகிராமை இதோடு ஒப்பிடாதீர்கள்; அது 30 நிமிடச் சராசரிக்கானது. புற்றுநோய் எண்ணில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். குழந்தைப் பருவத்தில் ஆபத்து கூடுதல் என்பதற்கான திருத்தம் சேர்த்த எண்ணும் சேர்க்காத எண்ணும் தனித்தனியாக இருக்கும். சேர்த்ததை எடுத்து மறுபடி பெருக்கினால் ஆபத்து பொய்யாகக் கூடும். இன்னொன்று, ரத்தப் புற்றுநோயை ஆபத்தாக ஏற்றுக்கொண்டாலும் அந்த எண் மூக்குத்தொண்டைப் புற்றுநோயை மட்டும் வைத்தே கணக்கிடப்பட்டது.

பழைய பதிவுகளின் கதை வேறு. தனிமப் பாதரசத்தை எடுங்கள், அந்த ஆர்.எஃப்.சி. 1995இலிருந்து மாறவில்லை. தொழிலாளர்களிடம் கை நடுக்கம், நினைவாற்றல் கோளாறு தெரிந்த மிகக் குறைந்த அளவு கன மீட்டருக்கு 0.025 மில்லிகிராம். இதை எந்நேரமும் சுவாசிப்பவருக்கு ஏற்ப மாற்றுகிறார்கள்: வேலை நேரத்தில் 10 கன மீட்டர், முழு நாளில் 20 கன மீட்டர் காற்று. வாரத்தில் 5 நாள் வேலை. 0.025ஐ 10/20ஆலும் 5/7ஆலும் பெருக்கினால் 0.009. அதை 30ஆல் வகுத்தால் 0.0003 மில்லிகிராம். அந்த 30 எங்கிருந்து வந்தது? தரவுக் குறைபாட்டுக்கு 3. எளிதில் பாதிக்கப்படும் மனிதர்களுக்கும், பாதிப்பு தெரிந்த அளவிலிருந்தே தொடங்கியதற்கும் சேர்த்து ஒரே ஒரு 10. இரண்டுக்கும் தனித்தனியாக எடுத்திருந்தால் எண் இன்னும் கீழே போயிருக்கும். இன்றைய குழு முதலில் இங்கேதான் கைவைக்கும். நீங்களும் பழைய பதிவு எதிலும் வகுஎண்ணைப் பிரித்துப் பாருங்கள்.

பென்சீனில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ஆர்.எஃப்.சி. 30 மைக்ரோகிராம், நம் தேசியக் காற்றுத் தர வரம்போ ஆண்டுச் சராசரி 5. ஆகவே பாதுகாப்பு என்று அறிக்கையை முடித்துவிடுகிறார்கள். அந்த 30 ரத்தத்தில் லிம்போசைட் அணுக்கள் குறைவதை வைத்து வந்தது, புற்றுநோயை வைத்தல்ல. புற்றுநோய் எண் ஒரு மைக்ரோகிராமுக்குப் பத்து லட்சம் பேரில் 2.2 முதல் 7.8 வரை. 5ஆல் பெருக்கினால் பத்து லட்சத்துக்கு 11 முதல் 39. இரண்டு எண்ணையும் எழுதாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

நிபுணர் அறிக்கைகளில் பரிந்துரைகளை மூன்று அடுக்காகப் பிரித்திருந்தால் வேலை எளிது. முதல் அடுக்கு கட்டாயம் திருத்த வேண்டியது, இரண்டாவது திருத்தினால் நல்லது, மூன்றாவது எதிர்காலத்துக்கு. முதல் அடுக்கை மட்டும் எடுத்து, இறுதி மதிப்பீட்டோடு வரும் துணை ஆவணத்தின் கடைசியில் உள்ள முகமையின் பதிலோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். "ஏற்றோம், திருத்தினோம்" என்று இருந்தால் இறுதி ஆவணத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள். "மறுக்கிறோம்" என்று இருந்தால் காரணத்தைப் படியுங்கள். இரண்டு மணி நேர வேலை. எண்ணின் பலமும் பலவீனமும் கைக்கு வந்துவிடும்.

மெத்தில் பாதரசத்தின் ஆர்.எஃப்.டி. இப்படிப் படிக்க ஏற்றது: உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மைக்ரோகிராம், 2001. தாய் உண்ட கடலுணவிலிருந்த இந்தப் பாதரசம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறதா என்று பார்த்த ஃபாரோ தீவு, சீஷெல்ஸ், நியூசிலாந்து ஆய்வுகள் ஒத்துப்போகாதபோது, 2000இல் தேசிய அறிவியல் கழகங்களின் தேசிய ஆய்வுக் குழு ஏன் ஃபாரோ பக்கம் சாய்ந்தது என்பது அறிக்கையில் வரிவரியாக இருக்கிறது.

விபத்துக் கசிவுக்கு ஐரிஸ் உதவாது, அதற்கு ஏ.ஈ.ஜி.எல். எனும் அவசர அளவுகள் தனியாக உண்டு. வேகமும் இதன் பலவீனம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, முகமையின் வேதிப்பொருள் மதிப்பீட்டுப் பணியை 2009இலேயே, சீர்திருத்தம் தேவைப்படும் அரசுப் பணிகளுக்கான உயர் அபாயப் பட்டியலில் சேர்த்தது. 2025 ஜூலையில், ஐரிஸ் இயங்கிவந்த ஆராய்ச்சிப் பிரிவையே கலைப்பதாக முகமை அறிவித்தது. எனவே வேண்டிய பொருளுக்கு இறுதி மதிப்பீடு, துணை ஆவணம், கேள்விப் பட்டியல், நிபுணர் அறிக்கை நான்கையும் பி.டி.எஃப். ஆக இப்போதே இறக்கி வையுங்கள். அறிக்கையில் எண்ணோடு அந்தப் பதிவின் தேதியையும் எழுதுங்கள்.