வெள்ளவத்தையில் தோடம்பழ ஜூஸ் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

போன செவ்வாய் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, காலி வீதியில் இறங்கி நடந்து வந்தோம். நல்ல வெயில். அம்மாவுக்கு நாக்கு வறண்டுவிட்டது. ஒழுங்கை முனையில் இருந்த ஜூஸ் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் தோடம்பழங்களை அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

"தம்பி, சீனி போடாமல் தாங்க. அம்மாவுக்குச் சீனி வருத்தம்."

"சீனியே போடுறதில்ல அன்ரி. பழத்தில இருக்கிற இனிப்புத்தான்."

450 ரூபாய். பழம் வெட்டியதையோ பிழிந்ததையோ நான் காணவில்லை. கிளாஸ் உள்ளேயிருந்து வந்தது. அடியில் கடும் செம்மஞ்சளாக ஒன்று தங்கியிருந்தது, ஸ்ட்ரோவால் கலக்கியதும் புகைபோல மேலே எழும்பியது. ஒரு விதை இல்லை, சதைத் துணுக்கு இல்லை. கிளாஸைத் தூக்கினால் மேசையில் பிசுபிசுவென்று ஒரு வட்டம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மாவின் நாக்கெல்லாம் செம்மஞ்சள். பழச்சாறு நாக்கில் இப்படிச் சாயம் ஏற்றாது. உடனே இரத்தச் சீனியைச் சோதித்தேன். வழமையாகச் சாப்பாட்டுக்குப் பிறகும் 190ஐத் தாண்டாத அம்மாவுக்கு அன்று 291. எனக்குக் கை நடுங்கியது.

அடுத்த நாள் திரும்பப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் 5 லீட்டர் கேன். லேபலில் முதல் பெயரே சீனி. அதிகமாக உள்ள பொருளைத்தான் முதலில் எழுதுவார்கள். பிறகு தண்ணீர், சிட்ரிக் அமிலம், சுவையூட்டி, நிறமூட்டி ஈ110. பழம் என்ற சொல்லே இல்லை. 100 மில்லிலீட்டருக்கு 62 கிராம் சீனி. எனக்கு முன்னால் வேறொருவருக்குக் கால் கிளாஸ் ஊற்றித் தண்ணீர் சேர்த்தார்கள். 60 மில்லி என்று வைத்தாலும் 37 கிராம், அதாவது ஒன்பது தேக்கரண்டிச் சீனி. அதைத்தான் நோயாளிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு நடுத்தரத் தோடம்பழத்திலும் 12 கிராம் அளவு இனிப்பு உண்டு. ஆனால் அதோடு 3 கிராம் நார், 70 மில்லிகிராம் அளவு விற்றமின் சி, பொற்றாசியம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. நார் இருப்பதால் இனிப்பு மெதுவாகத்தான் இரத்தத்தில் ஏறும். அந்தக் கேனில் இவற்றில் ஒன்றுமில்லை. சிட்ரிக் அமிலத்தின் புளிப்பை விற்றமின் சி என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு. உண்மையான சாறும் சீனி வருத்தக்காரருக்கு அளவோடுதான், பிழியும்போது நாரின் பெரும்பகுதி போய்விடுகிறது. பழமாகவே சப்பிச் சாப்பிடுவது நல்லது. எங்கள் நாட்டில் பிபிலையில் விளையும் தோடம்பழம் பழுத்தாலும் தோல் பச்சைதான், சாறு வெளிர் மஞ்சள். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

2016 முதல் போத்தல் குளிர்பானங்களில் 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு அடையாளம் போட வேண்டும். கடையில் கலக்கித் தரும் கிளாஸில் அப்படி எதுவும் இராது. ஆகவே "சீனி போட்டதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பழத்தை என் கண்முன்னே வெட்டுங்கள்" என்று சொல்லுங்கள். மறுத்தால் ஒரு தண்ணீர்ப் போத்தலை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

பில் தரவில்லை, பணமும் திருப்பித் தரவில்லை. நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் நீங்களும் அழையுங்கள், பில்லையும் கேட்டு வாங்கி வையுங்கள்.