மார்கழிக் குளிருக்குப் பேரூரா, கொடுமணலா?

ஒரே ஒரு நாள்தான் லீவு என்றால் எங்கே போவது? இரண்டுமே நொய்யல் ஆற்றங்கரைதான்.

கோவைப் பக்கம் பேரூர் பட்டீசுவரர் கோயிலில் கனகசபை மண்டபத் தூண்களே போதும். யானைத்தோலை உரித்துப் போர்த்தும் சிவன், ஊர்த்துவ தாண்டவம், ஆலங்காட்டுக் காளி என்று ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு மேல். அப்படியே அண்ணாந்து பாருங்கள், விதானத்திலிருந்து கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்கும். விடியற்காலையில் கல்தரை பாதத்தில் சுரீர் என்று ஏறும், அதுவும் ஒரு சுகம். ஆருத்ரா தரிசனத்தன்று கூட்டம் நெருக்கும். சிற்பம் பார்க்க வேறு நாள் போங்கள். திருவாதிரைக் களியை வீட்டிலேயே கிண்டிக்கொள்ளலாம்.

கொடுமணல் ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைப் பக்கம். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்பார்கள். பச்சைக்கல், சூதுபவளம் என்ற சிவப்பு மணிக்கல் எல்லாம் பட்டை தீட்டிய ஊர். இரும்பு உருக்கிய தடயமும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து பொறித்த பானையோடுகளும் அகழாய்வில் கிடைத்தன. ஆனால் இப்போது போனால் காடும் பெருங்கற்கால ஈமச்சின்னங்களும்தான். கதை தெரியாமல் போனால் சப்பென்று இருக்கும். சாப்பாட்டுக்குக் கடை தேடாமல் தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு கட்டிக்கொள்ளுங்கள்.

பெரியவர்களோடு என்றால் பேரூர். நான் தனியாகக் கிளம்பினால் கொடுமணலுக்குத்தான் வண்டியைத் திருப்புவேன்.