இரண்டு எண்கள் தரும் மண் போரான் பரிசோதனை: ஒரு மதிப்பீடு

பயிருக்கு மிகச் சிறிதளவே தேவைப்படும் சத்தான போரான் செம்மண்ணில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெந்நீரில் கரையும் அளவை மட்டும் வைத்துக் கணிப்பது போதாது என்று நெடுநாளாகக் கருதி வந்ததால், அதனுடன் மேன்னிடால் என்ற சர்க்கரை ஆல்கஹாலின் கரைசலில் வெளிவரும் போரானையும் அளந்து தரும் ஓர் ஆய்வகத்தின் சேவையைத் தேடிப் பயன்படுத்தினேன். ஒரே பாத்தியில் சுண்ணாம்பு இட்ட பாதியிலிருந்து ஒன்றும், இடாத பாதியிலிருந்து ஒன்றுமாக இரண்டு மாதிரிகளை அனுப்பினேன். இரு பாதிகளுக்கும் முந்தைய பருவத்தில் போரான் உரமான போராக்ஸை ஒரே அளவில்தான் இட்டிருந்தேன்.

சுண்ணாம்பு இட்ட பாதியில் வெந்நீர் அளவு தெளிவாகக் குறைந்திருந்தது. மேன்னிடால் அளவோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சத்து மண்ணை விட்டுப் போய்விடவில்லை, மண்ணுக்குள்ளேயே பிடிபட்டிருக்கிறது என்பதை இந்த இரண்டாவது எண்தான் காட்டியது.

பிடித்து வைத்திருப்பதில் இரும்பு ஆக்சைடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அமில மண்ணின் நீரில் போரான் பெரும்பாலும் மின்னேற்றமற்ற போரிக் அமிலமாகவே இருக்கும். கார அமில நிலை (pH) 9.2ஐ நெருங்க நெருங்க போரேட் அயனியின் பங்கு கூடும். ஆக்சைடின் பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியை வெளியேற்றிவிட்டு, போரான் ஓர் ஆக்சிஜன் அணுவின் வழியாக இரும்போடு பிணைந்துகொள்கிறது. கார அமில நிலை உயர உயர இந்தப் பிடிப்பு கூடி, 8 முதல் 9 வரையிலான எல்லையில் உச்சத்தை அடைகிறது. அதற்கு மேல் ஹைட்ராக்சைடு அயனிகளே அந்த இடங்களுக்குப் போட்டியிடுவதால் குறைந்துவிடுகிறது. அமில மண்ணில் சுண்ணாம்பு இட்ட பிறகு பயிரில் போரான் பற்றாக்குறை தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரும்பு ஆக்சைடுகளில் படிக ஒழுங்கு குறைந்த வகையான ஃபெரிஹைட்ரைட், ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பைக் கொண்டிருக்கக்கூடியது என்பதால், நன்கு படிகமான வகைகளான கோத்தைட்டையும் ஹெமடைட்டையும் விட எடைக்கு எடை அதிகம் கவர்கிறது. மேன்னிடாலோ தன் அடுத்தடுத்த ஹைட்ராக்சில் தொகுதிகளால் போரானைக் கிடுக்கிப்பிடியாகப் பற்றிக் கரைசலுக்கு இழுத்து வந்துவிடுகிறது.

ஆய்வக வேலையில் கவனம் தெரிந்தது. போரோசிலிகேட் கண்ணாடியே போரானைக் கசியவிடும் என்பதால் பிரித்தெடுப்பு முழுவதையும் நெகிழிக் கலங்களில் செய்கிறார்கள். செம்மண் களி கலங்கி நிற்காமல் படிவதற்குக் கால்சியம் குளோரைடு சேர்க்கிறார்கள். போரானோடு சேர்ந்து அசோமெத்தின் எச் என்ற வினைபொருள் தரும் மஞ்சள் நிறத்தை 420 நானோமீட்டரில் அளக்கும்போது, மண் சாற்றின் சொந்த நிறத்தைத் தனியே கழித்துவிடுகிறார்கள். இவ்வளவையும் அறிக்கையிலேயே எழுதித் தந்திருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறை பரிந்துரைப் பகுதியில்தான் இருக்கிறது. வெந்நீர் அளவு கிலோகிராமுக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே போனதும், மணல் மண்ணானாலும் ஆக்சைடு மிகுந்த செம்மண்ணானாலும், உடனே போரான் இடச் சொல்லும் ஒரே வாக்கியம் அச்சாகிறது. போதுமான அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகிய சத்து இது. தாங்களே அளந்து தந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காமல் பரிந்துரைப்பது சரியல்ல. படிகமற்ற இரும்பு ஆக்சைடை அளக்கும் ஆக்சலேட் சோதனையையும், கட்டாயமாக இல்லாவிட்டாலும் விருப்பத் தேர்வாகவாவது சேர்க்கலாம்.

அளவீட்டுக்காக இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பரிந்துரைப் பத்தியை மட்டும் நம்பிச் செயல்பட மாட்டேன். சுண்ணாம்பு இட்ட பாதிக்கு இப்போதைக்குப் போராக்ஸ் இடாமல், இளம் இலைகளைக் கவனித்துவிட்டு, அடுத்த விதைப்புக்கு முன் அதே இடத்தில் மாதிரி எடுத்து மீண்டும் அனுப்பவிருக்கிறேன்.