ஜிடி 730 கார்டும் லினக்ஸ் டிரைவர்களும்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

லினக்ஸில் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு எந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பொருந்தும் என்பதைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. உள்ளே இருக்கும் சிப் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று பார்த்தாக வேண்டும். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் ஜிடி 730 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அந்த ஒரே பெயரில் விற்ற கார்டுகளில் சில, ஃபெர்மி தலைமுறையின் ஜிஎஃப்108 சிப்பைக் கொண்டவை. மற்றவை கெப்ளர் தலைமுறையின் ஜிகே208 சிப்பைக் கொண்டவை. ஃபெர்மி கார்டுக்கு 390 வரிசை டிரைவரே கடைசி. அதற்கான ஆதரவு 2022 இறுதியோடு நின்றது. கெப்ளருக்கு 470 வரிசை கடைசி. அதற்கு 2024 வரை திருத்தங்கள் வந்தன. நான் வீட்டுக் கணினியில் உபுண்டு என்னும் லினக்ஸ் பதிப்புடன் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவது கெப்ளர் வகை.

முனையத்தில் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் 'கே' என்ற தெரிவுடன் (lspci -k) இயக்கினால், கார்டின் பெயருக்கு முன்பாகவே சிப்பின் பெயர் தெரியும். அதன் கீழே, இப்போது எந்தக் கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் ஒரு வரி இருக்கும். அங்கே நூவோ (கட்டற்ற டிரைவர்) என்றோ என்விடியா (நிறுவனத்தின் சொந்த டிரைவர்) என்றோ இருப்பதைப் பார்த்த பிறகுதான் வேறு எதையும் நிறுவத் தொடங்க வேண்டும். பழைய கார்டை விலைக்கு வாங்கும்போதும், முடிந்தால் ஒரு நேரடி யுஎஸ்பியில் லினக்ஸை இயக்கி இந்த வரிகளைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

டிரைவரை உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. களஞ்சியத்திலிருந்து வரும் டிரைவர், கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்தக் கெர்னலுக்குப் பொருத்தமான தொகுதியையும் (கெர்னலோடு இணையும் டிரைவர் பகுதி) உடன் பெற்றுவிடுகிறது. ஆயத்தத் தொகுதி இல்லாத இடத்தில் டிகேஎம்எஸ் என்ற கருவி அதை மூல நிரலிலிருந்து கணினியிலேயே தொகுத்துக்கொள்கிறது. செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்து, டிகேஎம்எஸ் வழியாகத் தொகுக்கப்படும்போது கூடுதலாக ஒரு படி உண்டு. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும்; அடுத்த முறை கணினி தொடங்குகையில் நீலத்திரை ஒன்று தோன்றி, ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு சில நொடிகள் காத்திருக்கும். அந்த நேரத்திற்குள் விசையை அழுத்தி, கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைப் பதிவு செய்யும் தெரிவுக்குச் சென்று, அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் டிரைவரின் கையொப்பத்தைக் கெர்னல் ஏற்கும். திரையைக் கவனிக்காமல் விட்டால் கணினி வழக்கம்போலத் தொடங்கிவிடும், ஆனால் டிரைவர் ஏறியிருக்காது. டிரைவர் வேலை செய்யவில்லை என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பழைய வரிசை டிரைவரை வைத்திருப்பவர் கெர்னலையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸ் கெர்னல் தன் உள் இடைமுகங்கள் மாறாது என்று வெளியார் டிரைவர்களுக்கு உறுதி அளிப்பதில்லை. ஆகவே திருத்தங்கள் நின்றுபோன 470 வரிசை, இனி வரும் ஏதோ ஒரு கெர்னலில் தொகுக்கப்படாமல் போவது இயல்பே. உபுண்டு 22.04-இல் இரண்டு பாதைகள் உள்ளன: முதலில் வந்த 5.15 கெர்னலிலேயே நிற்பது ஒன்று, புதிய வன்பொருளுக்காக அவ்வப்போது முன்னேறும் கெர்னல் மற்றொன்று. மேசைக் கணினிப் பதிப்பு இயல்பாகவே இரண்டாவதைத்தான் தருகிறது. கெப்ளர் கார்டுக்கு முதலாவதே பாதுகாப்பானது. நானும் அதிலேயே இருக்கிறேன், நிலையாக ஓடுகிறது.

கட்டற்ற டிரைவரான நூவோவையும் இதே கார்டில் நீண்ட நாள் ஓட்டிப் பார்த்தேன். எழுத்து வேலை, இணையம், இரட்டைத் திரை ஆகிய அனைத்திற்கும் அது போதுமானது. கெர்னல் மாறினாலும் கவலை இல்லை. ஆனால் கார்டு குறைந்த கடிகார வேகத்திலேயே தொடங்கி அங்கேயே நிற்கும். கெப்ளரில் இதைக் கையால் உயர்த்த வழி உண்டு என்றாலும், ஒவ்வொரு முறையும் நிர்வாகி உரிமையுடன் செய்ய வேண்டியிருப்பதால் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒத்துவராது. காணொளியைப் பொறுத்தவரை எந்த டிரைவரும் ஓர் எல்லைக்கு மேல் உதவாது: இந்தச் சிப்பில் எச்.264 என்ற காணொளி வடிவத்தைப் பிரிக்கும் வசதி உண்டு, விபி9 என்ற வடிவத்துக்கு இல்லை. யூடியூபின் விபி9 காணொளிகள் முழுவதும் பிராசஸரின் தலையில்தான் விழும்.

பழைய எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த திரைக்காட்சி முறையான வேலண்டுக்கு மாற விரும்புபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இன்றைய வேலண்ட் மேசைச் சூழல்கள் எதிர்பார்க்கும் ஜிபிஎம் (கிராபிக்ஸ் நினைவகத்தைக் கையாளும் இடைமுகம்) வசதி என்விடியாவின் 495 வரிசையில்தான் வந்தது. 470-இல் அது இல்லை. உபுண்டு 25.10-இல் க்னோம் மேசைச் சூழலின் எக்ஸ்11 அமர்வு நீக்கப்பட்டுவிட்டதால், 470 டிரைவரோடு அந்தப் பாதையில் முன்னேற இடமில்லை. எக்ஸ்11-இல் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ போன்ற சூழலுக்குப் போகலாம், அல்லது நூவோவுக்கு மாறலாம். 22.04-இன் வழக்கமான ஆதரவு 2027 ஏப்ரலில் முடியும்போது நான் நூவோவைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இன்னொரு கணினியில் ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6600 இருக்கிறது. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை என்பதே அதன் சிறப்பு. ஏஎம்டிஜிபியு டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, மீதி மெசா என்ற கட்டற்ற கிராபிக்ஸ் நூலகத்தில் இருக்கிறது. தனியாக நிறுவவும் கையொப்பமிடவும் எதுவும் இல்லை. புத்தம் புதிய ஏஎம்டி கார்டு வாங்குபவர்கள் மட்டும், தங்கள் லினக்ஸ் பதிப்பிலுள்ள கெர்னலும் மெசாவும் ஃபர்ம்வேர் தொகுப்பும் அந்தக் கார்டை அறியும் அளவுக்குப் புதியவையா என்று பார்க்க வேண்டும்.

என்விடியா கார்டில் கணக்கீடுகளை ஓட்டும் கூடா (CUDA) தளம் தேவைப்படுபவர்களுக்கு என்விடியாவின் சொந்த டிரைவரை விட்டால் வழியில்லை. அவர்கள் பழைய சந்தையில் தேடும்போது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 ஆகியவை மலிவாகக் கிடைக்கும். அவை பாஸ்கல் தலைமுறை, அவற்றை ஆதரிக்கும் கடைசி வரிசை 580 என்று என்விடியாவே அறிவித்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 1650 டூரிங் தலைமுறை. 2022 மே மாதம் என்விடியா வெளியிட்ட திறந்த மூலக் கெர்னல் தொகுதிகள் டூரிங்கிலிருந்துதான் தொடங்குகின்றன. விலையில் சிறிது கூடுதல் என்றாலும், லினக்ஸுக்காக வாங்குபவர் 1650-ஐ எடுப்பதே சரி.