இன்ஜஸ்டிஸ் 2: ஒரே பட்டன், ஆளுக்கொரு சக்தி

டிசி காமிக்ஸின் நாயகர்களும் வில்லன்களும் மோதிக்கொள்ளும் சண்டை கேம் இன்ஜஸ்டிஸ் 2 வெளியானது 2017 மே மாதம். மார்ட்டல் காம்பாட் கேம்களைச் செய்யும் நெதர்ரெல்ம் ஸ்டூடியோஸ்தான் இதையும் செய்தது. வந்த வருடமே வாங்கி பிளேஸ்டேஷன் 4-ல் ஆட ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ சண்டை கேம்கள் வந்துவிட்டன. ஆனாலும் தம்பி வீட்டுக்கு வந்தால் நாங்கள் போடுவது இதைத்தான். இத்தனை வருடம் ஒரு கேம் எப்படித் தாங்குகிறது என்று யோசித்தால், எனக்குத் தெரிந்த காரணம் கன்ட்ரோலரில் இருக்கும் ஒரு பட்டன். அதை 'டிரெய்ட்' என்கிறார்கள். மற்ற மூன்று பட்டன்கள் லைட், மீடியம், ஹெவி அடிகள், எல்லோருக்கும் பொது. நான்காவது மட்டும் அந்தந்த ஆளுக்கே உரிய சக்தி.

பேட்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். டிரெய்ட்டை அழுத்தினால் சின்ன எந்திர வௌவால்கள் அவனைச் சுற்றிப் பறக்கும். மறுபடி அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக எதிரி மேல் பாயும். கேட்க எளிது. ஆனால் அந்த வௌவாலை எப்போது விடுவது என்பதில்தான் பேட்மேன் ஆடுவதே இருக்கிறது. அடித்த அடியை எதிரி தடுத்துவிட்டால், வௌவாலை விட்டு அவனை அப்படியே பிடித்து வைக்கலாம். அடி விழுந்துவிட்டால், காம்போ, அதாவது தொடர் அடி, முடிகிற இடத்தில் விட்டு இன்னும் கொஞ்சம் நீட்டலாம். வௌவால் தீர்ந்துபோன நேரத்தில் பேட்மேன் சாதாரண மனிதன். பின்வாங்கிக் காத்திருக்க வேண்டும். சக்தி எதுவும் இல்லாத, முன்னேற்பாட்டால் மட்டுமே ஜெயிக்கிற ஆள் என்று காமிக்ஸ் காலம் காலமாகச் சொல்லிவருவதை இங்கே விரல்கள் தாமாகவே கற்றுக்கொள்கின்றன.

சூப்பர்மேன் இதற்கு நேர் எதிர். டிரெய்ட்டை அழுத்தினால் கொஞ்ச நேரத்துக்கு அவன் அடி கூடுதலாக வலிக்கும், அவ்வளவுதான். நுணுக்கம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அது அவனுக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது. தம்பி பல வருடமாக சூப்பர்மேன்தான். ஃப்ளாஷ் அழுத்தினால் எதிரியின் நேரமே மெதுவாகிவிடும், வழக்கமாகச் சேராத அடிகள் எல்லாம் சேரும். கேப்டன் கோல்ட் தன் துப்பாக்கியில் குளிரை ஏற்றி ஏற்றிச் சேமிக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தை எதிரி சும்மா தருவானா? பேன் வெனம் என்ற ஊக்கமருந்தை ஏற்றிக்கொண்டால் முரடனாகிவிடுவான், அது தீர்ந்ததும் தளர்ந்துபோவான். பேன் ஆடுகிறவர் எதிரில் இருந்தால் பாதி ஆட்டம் அந்த வெனம் தீருவதற்காகக் காத்திருப்பதுதான்.

எனக்கு மிகப் பிடித்த உருவாக்கம் ஸ்கேர்குரோ. அவன் பக்கத்தில் நின்றாலே எதிரியின் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்படி டிரெய்ட் வைத்திருக்கிறார்கள். பயத்தின் விஷவாயு அது. ஸ்கேர்குரோவின் நிஜப் பெயர் ஜோனதன் கிரேன், மெலிந்த ஒரு மனிதன். சண்டை தொடங்கும்போது வாயு பரவுகிறது; பிறகு நாம் பார்ப்பது எதிரியின் மூளை பார்க்கிற பேய் உருவத்தை. ஆட்டம் முழுவதும் நாம் பிரமைக்குள்தான் இருக்கிறோம். குரல் கொடுத்தவர் ராபர்ட் எங்லண்ட். அந்தக் கரகரப்பு இல்லாமல் இந்தக் கேரக்டரை நினைக்கவே முடியவில்லை.

கோபத்தைச் சக்தியாக்கும் மோதிரக்காரர்களான ரெட் லாண்டர்ன் கூட்டத்தின் தலைவன் அட்ராசிட்டஸுக்கு டெக்ஸ்-ஸ்டார் என்ற பூனை. காமிக்ஸில் அது நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பெண் வளர்த்த சாதாரண வீட்டுப் பூனை. அவள் கொல்லப்பட்டதும் அந்தக் கோபத்தால் ரெட் லாண்டர்ன் மோதிரம் அதைத் தேடி வருகிறது. கேமில் அந்தப் பூனை கூடவே நின்று, நாம் சொல்லும்போது பாய்ந்து தாக்குகிறது. பூனை வளர்ப்பவர்கள் இந்தக் கேரக்டரை விடமாட்டார்கள்.

முதலில் கேமில் 28 கேரக்டர்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு டார்க்சைட். பிறகு மூன்று பொதிகளாக ஒன்பது பேர் சேர்ந்து மொத்தம் 38 ஆனது. சப்-ஜீரோ, ரைடன் என்று மார்ட்டல் காம்பாட் ஆட்கள் வந்தார்கள், ஹெல்பாய் வந்தான். கடைசிப் பொதியில் நிஞ்ஜா ஆமைகள் நால்வரும் ஒரே கேரக்டருக்கான இடத்தில் வந்தார்கள். லியோனார்டோவின் வாள், டொனாட்டெல்லோவின் கோல் என்று ஆயுதத்துக்கேற்ப ஆளும் ஆட்டமும் மாறும். ஒருவன் அடிக்க மற்ற மூவரும் இடையிடையே வந்து கைகொடுக்கிறார்கள். டிசி உலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத இவர்களை எந்த உறுத்தலும் இல்லாமல் பொருத்தியிருக்கிறார்கள்.

எல்லோரும் சமமான பலம் என்று சொல்லமாட்டேன். வெளிவந்த புதிதில் டெட்ஷாட் பெரிய தலைவலி. தூரத்தில் நின்று சுட்டுக்கொண்டே இருப்பான், கிட்டே போகவே விடமாட்டான். பிறகு வந்த அப்டேட்களில் அவனைக் கொஞ்சம் அடக்கினார்கள். இன்றும் தூரத்திலிருந்து அடிக்கிறவர்களுக்கு இந்தக் கேமில் சாதகம் அதிகம் என்றுதான் நினைக்கிறேன். பொறுமையாகத் தடுத்துத் தடுத்து முன்னேறத் தெரியாதவர்களுக்கு முதல் மாதங்கள் கசக்கும்.

அதைச் சமாளிக்கத்தான் மீட்டர், சண்டை போகப்போக நிரம்பும் சக்தி அளவு. நான்கு கட்டம் நிரம்பினால் சூப்பர் மூவ் அடிக்கலாம். ஃப்ளாஷின் சூப்பர் மூவில் எதிரியை இழுத்துக்கொண்டு காலத்தில் பின்னோக்கி ஓடுகிறான்; வழியில் எகிப்தின் ஸ்ஃபிங்ஸ் மேல் ஒரு மோதல், டைனோசர் மேல் ஒரு மோதல். பார்க்கப் பிரமாதம். ஆனால் கொஞ்ச நாள் ஆடியவர்கள் மீட்டரை அதற்குச் சேர்த்து வைப்பதே அபூர்வம். ஒரு கட்டம் செலவழித்தால் சாதாரண அடி வலுக்கும், முன்னால் உருண்டு தப்பலாம்; காற்றில் காம்போவில் சிக்கிக்கொண்டால் இரண்டு கட்டம் கொடுத்து வெளியே வரலாம். அப்புறம் 'கிளாஷ்' இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் உயிரைக் காட்டும் ரத்தக்கோடு இரண்டு; இரண்டாவதுக்கு வந்தவன் ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி மீட்டரைப் பந்தயம் கட்டலாம். இருவரும் ரகசியமாகக் கட்டுவார்கள். கூப்பிட்டவன் ஜெயித்தால் ரத்தம் ஏறும், தோற்றால் இன்னும் அடி விழும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் குணம் தெரிந்தால்தான் இதில் ஜெயிக்கலாம். தம்பி எப்போதும் இருப்பதை எல்லாம் கட்டிவிடுவான். அது தெரிந்ததால் நான் ஒன்றுமே கட்டாமல் அவன் மீட்டரைக் காலி செய்ய விட்டுவிடுவேன்.

கியர் விஷயத்தில் எனக்கு இன்றுவரை மனம் ஒப்பவில்லை. மதர் பாக்ஸ் என்ற பெட்டிகளைத் திறந்தால் தலை, மார்பு, கை, கால், ஆயுதம் போன்ற துணைப்பொருள் என ஐந்து இடங்களுக்கானவை வரும். ஒவ்வொன்றும் பலம், தற்காப்பு, ரத்தம், திறமை ஆகியவற்றில் ஒன்றையோ சிலவற்றையோ கூட்டும். நாம் ஆடாத ஆளுக்கே பெட்டிகள் கொட்டும். வேண்டிய ஒரு முகமூடிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் தரவரிசைக்காக ஆடும் ஆன்லைன் ரேங்க்டு ஆட்டத்தில் கியரின் பலம் எதுவும் சேராது, தோற்றம் மட்டும் தெரியும். அந்த ஒரு முடிவு கேமைக் காப்பாற்றியது. பிரீமியர் ஸ்கின் என்பது வேறு. அதில் சூப்பர்கேர்ள் பவர்கேர்ள் ஆவாள், கேப்டன் கோல்ட் மிஸ்டர் ஃப்ரீஸ் ஆவான். அடிகள் அதேதான், ஆனால் குரலும் வசனமும் மாறும். இப்படி இன்னும் பலருக்குச் செய்திருக்கலாம்.

ஸ்டோரி மோடை ஒருமுறையாவது முழுசாக ஆடுங்கள். ஜோக்கரின் சூழ்ச்சியில் லோயிஸ் லேனைத் தன் கையாலேயே இழந்த சூப்பர்மேன், அவனைக் கொன்று, உலகையே தன் பிடிக்குள் கொண்டுவந்த கதையின் தொடர்ச்சி இது. இப்போது சூப்பர்மேன் சிறையில்; கிரிப்டானை அழித்த பிரெய்னியாக் பூமிக்கு வருகிறான். பேட்மேன், சூப்பர்மேன் இரண்டு பேருமே தங்கள் பக்கம்தான் நியாயம் என்று நம்புகிறார்கள். கடைசியில் யார் பக்கம் என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது கேம். முடிவைச் சொல்லமாட்டேன். முக அசைவுகளை இவ்வளவு நுட்பமாகச் செய்த சண்டை கேம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பேட்மேனுக்குக் குரல் கெவின் கான்ராய். 1992 முதல் பல தலைமுறைக்கு அவர் குரல்தான் பேட்மேன். 2022 நவம்பரில் அவர் காலமான பிறகு, சண்டை தொடங்கும் முன் வரும் அந்த வசனங்களை நான் ஸ்கிப் செய்வதே இல்லை.

ஆன்லைனில் இணையத் தாமதம் தெரியாமல் மறைக்கும் ரோல்பேக் முறை இருப்பதால் நல்ல இணைப்பு உள்ளவர் கிடைத்தால் ஆட்டம் சீராகவே போகும். தூர தேசத்து ஆட்களோடு ஆடினால் சில காம்போக்கள் நழுவும். அதற்கு எளிய காம்போ ஒன்றைத் தனியாகப் பழகி வைத்துக்கொள்வது நல்லது.

புதிதாக வாங்குகிறவர்கள் 2018-ல் வந்த லெஜெண்டரி எடிஷனை எடுங்கள். எல்லாக் கேரக்டர்களும் அதிலேயே இருக்கிறார்கள், கற்றுத்தரும் பகுதியும் விரிவானது. பின்பக்கம் அழுத்தித்தான் தடுக்க வேண்டும், மார்ட்டல் காம்பாட் போலத் தனி பட்டன் கிடையாது. அங்கிருந்து வருகிறவர்களுக்கு இது பழக நாளாகும். முதல் ஆளாக சூப்பர்மேனையோ பேட்மேனையோ எடுத்து, பயிற்சி அறையில் டிரெய்ட் பட்டனை மட்டும் வைத்து ஒரு மாலை முழுக்க விளையாடிப் பாருங்கள். ஆன்லைன் அப்புறம் போகலாம்.