பழைய பிறைமஸ் பித்தளை அடுப்பு: நிலாவெளிக் கரைக்குச் சரிவருமா?

1892இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய அமைப்புத்தான் இது: திரி கிடையாது, காற்றழுத்தத்தால் மேலேறும் மண்ணெண்ணெய் சூட்டில் ஆவியாகி எரியும்.

தாங்கியில் முக்கால்வாசிக்கு மேல் ஊற்றக் கூடாது. காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, பேர்ணருக்கு அடியிலுள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் நிரப்பிப் பற்றவைக்க வேண்டும். அது அணையப்போகும் தறுவாயில் திருகை இறுக்கி நாலைந்து தடவை பம்ப் அடித்தால் நீலச் சுவாலை இரையும். மஞ்சளாக எகிறினால் பேர்ணர் போதியளவு சூடாகவில்லை. உடனே காற்றைத் திறந்து அணைத்து, ஆறவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதுதான் பெரிய தலையிடி. மறைப்புத் தகடு தேவை, ஆனால் தாங்கியைச் சுற்றி மூடிவிடாதீர்கள்; அது சூடேறினால் அழுத்தம் கூடும்.

பம்ப் அடிக்கும்போது பாரமே தெரியாவிட்டால் தோல் வோஷர் காய்ந்திருக்கும். கழற்றி, தையல் மெசின் எண்ணெயில் ஊறவைத்து விளிம்பை விரித்துப் போட்டால் போதும். சுவாலை ஒருபக்கம் சாய்ந்தால் எண்ணெய் ஆவி வெளிவரும் சிறு துளையான நிப்பிளில் கரி. அதற்குரிய ஊசியால் மட்டும் குத்துங்கள், துளை பெருத்தால் புகைதான் மிஞ்சும்.

பெற்றோல் மட்டும் ஊற்றவே வேண்டாம். உப்புக்காற்றுக்குப் பித்தளை பச்சை பூக்கும், புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். தாங்கியில் வெடிப்புக் கண்டால் வாங்காதீர்கள், விலை எவ்வளவு மலிவென்றாலும்.