பொதியில் வந்த மசாலாப் பால்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகிலுள்ள பலசரக்குக் கடையொன்றில், இந்தியாவிலிருந்து வந்த 200 கிராம் மசாலாப் பால் தூளை வாங்கி, இரண்டு வாரங்களாக இரவில் கலந்து குடித்துப் பார்த்தேன். உறையில் பாதாமும் குங்குமப்பூவும் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தாலும், சேர்மானப் பட்டியலில் முதலில் நிற்பது சீனியே. எடை கூடிய பொருளே முதலில் எழுதப்படும் என்பதால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

நிறத்திலும் எனக்குக் குறை உண்டு. நல்ல குங்குமப்பூ இளஞ்சூட்டுப் பாலில் மெல்ல மெல்லவே மஞ்சளை விடும். இத்தூளோ கரண்டி பட்டவுடன் குவளை முழுவதையும் மஞ்சளாக்கியது. பட்டியலின் கடைசியில் செயற்கை நிறமியும் இருந்தது. ஏலக்காய் வாசனை மட்டும் நன்று.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, 12 பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து அரைத்து, அரை லீற்றர் பசுப்பாலில் நான்கு ஏலக்காய், ஐந்தாறு மிளகு, ஒரு சிட்டிகை மஞ்சள், சிறிது சாதிக்காய்த் தூள் ஆகியவற்றுடன் அடிபிடிக்காமல் காய்ச்சி, இறக்கிச் சற்று ஆறிய பின்னரே பனங்கட்டியைச் சேர்த்தேன். கொதிக்கும்போது போட்டால் பால் திரைந்துவிடக்கூடும் என்று அம்மா எச்சரித்திருந்தார். மிளகிலுள்ள பைப்பரின், மஞ்சளின் குர்குமினை உடல் உறிஞ்ச உதவுகிறது என்பார்கள். நானோ தொண்டையில் இறங்கும் அந்த மெல்லிய காரத்துக்காகவே அதைச் சேர்ப்பேன்.

திடீரென விருந்தினர் வந்தால் தூள் கைகொடுக்கும். அப்போதும் மேலதிகச் சீனி வேண்டாம். மாரிகாலத்தில் கட்டிபட்டுவிடுவதால், இறுக மூடிய போத்தலில் வைப்பது நல்லது. அடுத்த பொதியை நான் வாங்கப்போவதில்லை.